பரங்கிப்பேட்டையில் உலை மூட்டியவர்: ஜோசையா மார்ஷல் ஹீத்

கல்லங்குறிச்சி என்றதும் நம் நினைவிற்கு வருவது சுண்ணாம்புக்கல். நிலவியலார் ஒரு பாறை அடுக்கிற்கே இவ்வூரின் பெயரைச் சூட்டியுள்ளனர். நம் பகுதியின் வடவெல்லையாக ஓடும் வெள்ளாறு கிழக்கே சென்று கடலொடு கலக்குமிடம் பரங்கிப்பேட்டை. மஹ்மூது பந்தர் என நம் முன்னோர் வழங்கிய அத்துறைமுகத்தில், 1830இல் பெரிய இரும்பாலை ஒன்று எழுந்தது. ஐரோப்பிய முறையில் இரும்பு உருக்க இந்தியாவில் எடுக்கப்பட்ட முன்னோடி முயற்சிகளுள் அது தலையாயது. அதனை நிறுவி நடத்திய ஹீத்தின் வாழ்வை இங்குச் சுருங்கக் காண்போம்.

ஹீத் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைக் குடிமைப் பணியில் சேர்ந்து சேலம், கோவைப் பகுதிகளில் வணிகப் பொறுப்பு வகித்தவர். இயற்கை ஆய்விலும் ஈடுபாடு மிக்கவர். மஞ்சள் நிற வௌவால் வகை ஒன்று இன்றும் அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. சேலத்துக் கஞ்சமலைச் சாரலில், சிறு மண் உலையும் தோல் துருத்தியும் கொண்டு நம் கொல்லர் உயர்ந்த எஃகு வடித்ததை அவர் கண்டார். அவ்வெஃகு அரபு நாடுகளில் பெரும்புகழ் பெற்றிருந்தது. ஒன்பதாம் நூற்றாண்டின் அறிஞர் அல்கிந்தி வாள்களைப் பற்றித் தனி நூலே இயற்றினார். எகிப்தியர் கற்றூண்களில் எழுத்துச் செதுக்கிய கருவிகளும் இந்திய எஃகால் ஆனவையே என ஹீத் 1839இல் வெளிவந்த தம் கட்டுரையில் கருத்துரைத்தார்.

கண்ட காட்சி அவரைப் பணியில் இருக்கவிடவில்லை. 1825இல் பதவியைத் துறந்தார். சென்னை மாகாணத்தில் ஐரோப்பிய முறையில் இரும்பு செய்யும் தனியுரிமையையும் அரசின் கடனுதவியையும் பெற்றார். கைப்பொருள் அனைத்தையும் ஆலையில் இட்டார். 1833இல் அது கூட்டு நிறுவனமாயிற்று. மேலைக் கடற்கரையின் பேப்பூரிலும் உலை அமைந்தது. பரங்கிப்பேட்டை இரும்பு கடல் கடந்து ஷெப்பீல்டு நகரை அடைந்தது. பிரிட்டனின் பிரிட்டானியா பாலத்திலும் அது பயன்பட்டது என வரலாற்று நூல்கள் குறிக்கின்றன. எனினும் ஆலை இலாபம் ஈட்டவில்லை. நிலக்கரி இல்லாமையால் மரக்கரியையே நம்ப வேண்டியிருந்தது. காடுகள் அருக அருகக் கரியின் விலை ஏறிற்று. 1860களில் உலைகள் அணைந்தன.

அதற்கு முன்னரே இங்கிலாந்து திரும்பிய ஹீத், எஃகு உருக்கும்போது மாங்கனீசும் கரியும் சேர்ந்த பொருளைச் சிறிதளவு இட்டால் எஃகின் தரம் உயரும் எனக் கண்டறிந்து, 1839இல் காப்புரிமை பெற்றார். அதுவரை சுவீடன் நாட்டு விலையுயர்ந்த இரும்பையே நம்பியிருந்த ஷெப்பீல்டு, மலிவான இரும்பாலும் நல்லெஃகு செய்யலாயிற்று. எஃகின் விலை வெகுவாகச் சரிந்தது.

ஆனால் பயன் கண்டவருக்குக் கிட்டவில்லை. அவருடைய முகவராகவே இருந்த அன்வின் என்பார், அப்பொருளைத் தனியே ஆக்காமல், மாங்கனீசு ஆக்சைடையும் கரிப்பொருளையும் நேரே உலைக்கலத்தில் இட்டு அதே பயனைப் பெற்றார். காப்புரிமைப் பத்திரத்தில் இம்முறை சொல்லப்படவில்லை. வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. 1851இல் ஹீத் மறைந்தார். அவர் துணைவியார் சார்லட் அம்மையார் போராட்டத்தைக் கைவிடாது, காப்புரிமைக் காலத்தை நீட்டிக்கச் செய்தார். எனினும் 1855இல் பிரபுக்கள் அவை அன்வினுக்குச் சார்பாகவே இறுதித் தீர்ப்பு வழங்கிற்று. பத்திரத்தின் ஒரு சொற்குறை ஒரு குடும்பத்தின் வாழ்வையே குலைத்தது.

ஹீத்துக்கு நேர்ந்தது அநீதி என நாம் வருந்துகிறோம். வருந்தும்போதே மற்றொன்றையும் எண்ணுதல் வேண்டும். அவருக்கு வழிகாட்டிய சேலத்துக் கொல்லருக்குக் காப்புரிமையும் இல்லை. வழக்காட மன்றமும் இல்லை. சீமை இரும்பு மலிவாய் வந்து குவிய, அவர்தம் உலைகளும் அணைந்தன. ஹீத்தின் பெயரேனும் ஏட்டில் நின்றது. அவர்கள் பெயர் எவ்வேட்டிலும் இல்லை.

மாணவச் செல்வங்களே! கைத்தொழில் அறிந்த முதியோர் நம் ஊர்களில் இன்றும் உள்ளனர். அவர்தம் அறிவைக் கேட்டு, அவர்தம் பெயரோடு எழுதி வையுங்கள். கண்டதை முழுமையாகவும் ஐயமின்றியும் எழுதுங்கள். ஹீத்தின் வாழ்வு நமக்குத் தரும் பாடம் இதுவே.