சோடாக் கடை வருவாயில் உருவான முதல் பல் மருத்துவக் கல்லூரி

புது தில்லி, டிச. 24: இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரி அரசு நிதியில் உருவானதல்ல. அமெரிக்காவில் படித்துத் திரும்பிய 29 வயது இளைஞர் ஒருவர் தனது சொந்தப் பொறுப்பில் 1920-ல் கல்கத்தாவில் அதைத் தொடங்கினார். அவர், இந்தியப் பல் மருத்துவத்தின் தந்தை எனப் போற்றப்படும் டாக்டர் ரஃபியுதீன் அகமது. அவர் பிறந்த டிசம்பர் 24-ம் தேதியை, தேசிய பல் மருத்துவர் தினமாக இந்தியப் பல் மருத்துவச் சங்கம் 2016-ல் அறிவித்தது.

இன்று வங்கதேசத்தில் உள்ள டாக்கா பகுதியில் 1890-ல் பிறந்த அகமது, அலிகரில் கல்வி பயின்றார். தந்தையின் மறைவுக்குப் பின் 1909-ல் அமெரிக்கா சென்றார். அயோவா பல்கலைக்கழகத்தில் 1915-ல் பல் அறுவை மருத்துவப் பட்டம் பெற்று, பாஸ்டன் நகரின் ஃபோர்சித் குழந்தைகள் பல் மருத்துவமனையில் 1918 வரை பணியாற்றினார். 1919-ல் தாயகம் திரும்பினார்.

அக்காலத்தில் பல் மருத்துவம் கற்க இந்தியாவில் கல்லூரி கிடையாது. முறையான பயிற்சி பெற்றவர்கள் மிகச் சிலரே. தெருவோரம் அமர்ந்து பல் பிடுங்குபவர்களிடமே ஏழை மக்கள் சென்றனர். இவர்களைப் பதிவு செய்யவோ கட்டுப்படுத்தவோ சட்டம் எதுவும் இல்லை.

கல்லூரிக்குப் பணம் திரட்ட அகமது தேர்ந்தெடுத்த வழி விசித்திரமானது. 'நியூயார்க் சோடா ஃபவுண்டன்' என்ற பெயரில் கல்கத்தாவில் குளிர்பானக் கடை ஒன்றை நடத்தினார். அதில் கிடைத்த வருவாய் கல்லூரிக்குப் போனது. பற்களுக்குப் பகையான இனிப்புப் பானமே பல் மருத்துவர்களை உருவாக்க உதவியது.

தொடக்கத்தில் ஓராண்டாக இருந்த படிப்பு, 1935-ல் நான்காண்டுகளாக உயர்ந்தது. பாகிஸ்தானை நிறுவிய முகமது அலி ஜின்னாவின் சகோதரி பாத்திமா ஜின்னாவும் இங்கு பயின்றவரே. அவர் 1923-ல் பம்பாயில் பல் மருத்துவமனை தொடங்கினார்.

கல்லூரியோடு அகமது நின்றுவிடவில்லை. 1925-ல் வங்கப் பல் மருத்துவச் சங்கத்தையும், பல் மருத்துவ இதழ் ஒன்றையும் தொடங்கினார். அந்த இதழின் ஆசிரியராக 1946 வரை இருந்தார். மாணவர்களுக்கான கையேடு ஒன்றை 1928-ல் வெளியிட்டார். அவரது இடைவிடாத முயற்சியின் பலனாக, பல் மருத்துவர்களைப் பதிவு செய்யும் வங்கப் பல் மருத்துவர் சட்டம் 1939-ல் வந்தது. நாடு முழுமைக்குமான பல் மருத்துவர் சட்டம் 1948-ல் நிறைவேறியது.

பிரிவினையின்போது அவர் பிறந்த ஊர் கிழக்கு பாகிஸ்தானில் சேர்ந்தது. அகமது கல்கத்தாவிலேயே தங்கினார். தனது கல்லூரியை 1949-ல் மேற்கு வங்க அரசிடம் ஒப்படைத்தார். கல்கத்தா மாநகராட்சியில் முன்னர் கவுன்சிலராகவும் ஆல்டர்மேனாகவும் இருந்த அவர், 1950-ல் டாக்டர் பி.சி. ராய் அமைச்சரவையில் இடம்பெற்றார். வேளாண்மை, கூட்டுறவு ஆகியவற்றுடன் நிவாரணம், மறுவாழ்வுத் துறைகளும் அவரிடம் இருந்தன. தமது பிறந்த மண்ணிலிருந்து அகதிகள் தொடர்ந்து வந்துகொண்டிருந்த காலம் அது. 1962 வரை அவர் அமைச்சராக இருந்தார்.

1964-ல் பத்மபூஷண் விருது அளித்து மத்திய அரசு அவரைக் கௌரவித்தது. 1965 பிப்ரவரி 9-ம் தேதி அவர் காலமானார். கல்லூரிக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

1948-ம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக, தேசிய பல் மருத்துவ ஆணையச் சட்டத்தை நாடாளுமன்றம் 2023-ல் நிறைவேற்றியது. சட்டங்கள் மாறினாலும், முறையாகப் படித்துப் பதிவு பெற்றவரே பல் மருத்துவம் செய்ய வேண்டும் என்ற அடிப்படை மாறவில்லை. அந்த அடிப்படைக்காகவே அகமது தமது வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார். அவர் தொடங்கிய கல்லூரி, கொல்கத்தாவில் ஆச்சார்ய ஜகதீஷ் சந்திர போஸ் சாலையில் அரசுக் கல்லூரியாக இயங்கி வருகிறது.