பேச்சு வராத சிறுவன்... பாக்கெட்டில் 4 எழுத்துகள்! 220 ஆண்டுகளுக்கு முன்பே வழி காட்டிய டாக்டர் இடார் யார்?

ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் ஏறத்தாழ 30 சதவீதம் பேர், பள்ளிக்குப் போகும் வயதிலும் ஒரு சில சொற்களைத் தாண்டிப் பேசுவதில்லை. இவர்களுக்குப் பட அட்டை, டேப்லெட் கொடுத்து, வேண்டியதைக் கேட்கப் பழக்குவது இன்று பரவலான முறை. ஆனா, ஆட்டிசம் என்ற பெயரே இல்லாத காலத்தில் பாரீஸில் ஒரு டாக்டர் இந்தக் கதவைத் திறந்தார். அதன் அருமை தெரியாமல் அவரே அதைச் சாத்தியும் விட்டார். அவர்தான் ழான் மார்க் காஸ்பார் இடார்.

யார் இந்த இடார்?

1774-ல் தெற்கு பிரான்சின் ஒரேஸோன் என்ற ஊரில் பிறந்தவர். வீட்டில் வங்கி வேலைக்குத்தான் தயார்படுத்தினார்கள். பிரெஞ்சுப் புரட்சி எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. ராணுவ மருத்துவமனையில் உதவியாளராகச் சேர்ந்தவர், அங்கேயே மருத்துவம் கற்றார். 1800-ம் ஆண்டின் கடைசி நாளில், பாரீஸில் உள்ள காது கேளாதோர் பள்ளியின் மருத்துவராக நியமிக்கப்பட்டார். அப்போது வயது 26.

காட்டிலிருந்து வந்த சிறுவன்

அதே 1800-ம் ஆண்டு ஜனவரியில், பிரான்சின் அவேரோன் பகுதியில் ஒரு சிறுவன் காட்டிலிருந்து வெளியே வந்தான். வயது சுமார் 12 இருக்கலாம். பேச்சு இல்லை. பல ஆண்டுகள் தனியாக அலைந்தவன்போல இருந்தான். சில மாதங்களில் பாரீஸுக்குக் கொண்டு வரப்பட்டான். ஊரே வேடிக்கை பார்க்கக் கூடியது.

அப்போது மனநல மருத்துவத்தில் பெரிய பெயர் பிலிப் பினெல். அவர் பரிசோதித்துவிட்டு, இவன் பிறவியிலேயே அறிவு வளர்ச்சி இல்லாதவன், குணப்படுத்த முடியாது என்று சொல்லிட்டார். இளம் டாக்டர் இடார் அதை ஏற்கவில்லை. மனிதர்களோடு பழகாததால்தான் இப்படி, கற்றுக்கொடுத்தால் மாறுவான் என்று நம்பினார். விக்டர் என்று பெயர் வைத்தார். அவனைத் தாய்போல கவனித்துக்கொள்ளும் பொறுப்பு மேடம் கெராங் என்ற பெண்ணிடம் தரப்பட்டது.

துப்பாக்கிக்கு அசையவில்லை, வால்நட்டுக்குத் திரும்பினான்

விக்டர் பக்கத்தில் துப்பாக்கி வெடித்தாலும் அசைய மாட்டான். ஆனா, பின்னால் யாராவது வால்நட் உடைத்தால் சட்டெனத் திரும்புவான். காது நன்றாகக் கேட்கிறது, தனக்கு வேண்டிய சத்தத்தை மட்டும் மனசு எடுத்துக்கொள்கிறது என்பதை இடார் புரிந்துகொண்டார். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத குழந்தை, பிஸ்கட் கவர் சத்தத்துக்கு ஓடி வருவதைப் பார்த்த பெற்றோருக்கு இது புதிதாக இருக்காது.

அவன் பேசவில்லையே தவிர, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டதில்லை. தள்ளுவண்டியில் ஏற ஆசை வந்தால், ஒருத்தர் கையைப் பிடித்து இழுத்துப் போய், வண்டியின் பிடியை அவர் கையில் கொடுத்துவிட்டு ஏறி உட்கார்ந்துகொள்வான். பார்க்க வந்தவர்கள் ரொம்ப நேரம் இருந்தால், அவர்களின் தொப்பி, கைத்தடி, கையுறையை எடுத்துக் கொடுத்துக் கதவுப் பக்கம் தள்ளுவான். இதையெல்லாம் இடார் விடாமல் குறித்து வைத்தார்.

பால் கேட்ட 4 எழுத்துகள்

விக்டரைப் பேச வைக்க வேண்டும், இதுதான் இடாரின் இலக்கு. பாலைக் காட்டி, பிரெஞ்சில் பாலுக்கான சொல்லைச் சொன்னால்தான் தருவேன் என்று காத்திருந்தார். பலன் இல்லை. அலுத்துப் போய்ப் பாலை ஊற்றிய பிறகுதான் அந்தச் சொல் விக்டர் வாயிலிருந்து வந்தது. பால் கிடைத்த சந்தோஷத்தில் வந்த சத்தம் அது, பால் கேட்பதற்கான சொல் அல்ல என்று இடார் சோர்ந்தார்.

அடுத்து வேறு வழியில் போனார். பொருளை அதன் படத்தோடு சேர்க்கப் பழக்கினார். பிறகு தனித்தனி எழுத்துகள். பாலைக் குறிக்கும் 4 எழுத்துகளை வரிசையாக வைத்தால் பால் கிடைக்கும்.

சில நாள்களில் ஒன்று நடந்தது. தினமும் பால் குடிக்கப் போகும் வீட்டுக்குக் கிளம்பும்போது, யாரும் சொல்லாமலே விக்டர் அந்த 4 எழுத்துகளையும் எடுத்து வைத்துக்கொண்டான். அங்கே போனதும் மேசை மேல் வரிசையாக அடுக்கினான்.

இது ஏன் முக்கியம்? கற்றுக்கொடுத்த இடம் வேறு, அவன் பயன்படுத்திய இடம் வேறு. யாரும் தூண்டவில்லை. அவனாகவே ஆரம்பித்த உரையாடல் அது. 1985-ல் அமெரிக்காவில் உருவான பெக்ஸ் என்ற பட அட்டை பரிமாற்ற முறை குழந்தையிடம் எதிர்பார்ப்பதும் இதைத்தான்.

எங்கே சறுக்கினார்?

வாய்ப்பேச்சு வந்தால்தான் வெற்றி என்று இடார் அளந்தார். அவர் வேலை பார்த்த பள்ளியிலேயே மாணவர்கள் சைகை மொழியில் பேசிக்கொண்டிருந்தார்கள். விக்டருக்கு அதைக் கற்றுத்தர அவர் முயலவே இல்லை. பாடத்தில் அடம்பிடித்தபோது, உயரத்துக்குப் பயப்படும் அந்தச் சிறுவனை மாடி ஜன்னலுக்கு வெளியே பிடித்து மிரட்டியதையும் அவரே பதிவு செய்திருக்கிறார். காது கேளாத மாணவர்கள் மீது மின்சாரம் பாய்ச்சுவது, செவிப்பறையில் துளையிடுவது என வலி மிகுந்த சோதனைகளையும் செய்தார். அவற்றால் பலன் இல்லை.

1801-ல் நம்பிக்கையோடு எழுதிய முதல் அறிக்கைக்குப் பிறகு, 1806-ல் எழுதிய இரண்டாவது அறிக்கையில் ஏமாற்றம் தெரிந்தது. பயிற்சி நின்றது. விக்டர் மேடம் கெராங்குடன் வாழ்ந்து 1828-ல் இறந்தார். காது நோய்கள் பற்றி 1821-ல் பெரிய நூல் எழுதிப் புகழ்பெற்ற இடார், பிற்காலத்தில் காது கேளாதோர் கல்வியில் சைகையின் பயனை ஏற்றுக்கொண்டார். அதற்குள் விக்டருக்குக் காலம் கடந்திருந்தது. இடார் 1838-ல் காலமானார்.

விக்டருக்கு இருந்தது ஆட்டிசமா?

ஆட்டிசத்தை லியோ கேனர் தனி நிலையாக விவரித்தது 1943-ல். அதன் பிறகு விக்டருக்கு ஆட்டிசம் இருந்திருக்கலாம் என உளவியலாளர் ஊட்டா ஃப்ரித் உள்ளிட்ட சிலர் வாதிட்டனர். கைவிடப்பட்டதன் பாதிப்பு என்பவர்களும் உண்டு. உறுதியாகச் சொல்ல வழியில்லை.

ஆனா, இடாரின் முறை அவரோடு முடியவில்லை. அவரிடம் வழிகாட்டல் பெற்ற எடுவார்ட் செகென், அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கான கல்வியை உருவாக்கினார். இருவரின் எழுத்தையும் படித்துத் தன் முறையை வகுத்தவர்தான் மரியா மாண்டிசோரி. 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தாரே, அதே மாண்டிசோரி!

இன்றைய பெற்றோருக்கு என்ன பாடம்?

அட்டையும் சைகையும் பழக்கினால் குழந்தை பேசவே பேசாது என்ற பயம் பல வீடுகளில் இருக்கு. இவை பேச்சைத் தடுப்பதில்லை, சிலருக்குப் பேச்சு வரவும் உதவுகிறது என்பதே ஆய்வுகள் காட்டுவது. பேச்சுப் பயிற்சியும் இதுவும் சேர்ந்தே நடக்கலாம்.

கையைப் பிடித்து இழுப்பதும், காலி டம்ளரை நீட்டுவதும் குழந்தை கேட்கும் கேள்விதான். அதற்கு உடனே பதில் கொடுங்க. அங்கிருந்து ஒரு படம், ஒரு சைகை, ஒரு சொல் என அடுத்த படிக்குப் போகலாம். 2 வயதாகியும் பேச்சு வரலைன்னா, காத்திருக்காமல் குழந்தைகள் நல மருத்துவரைப் பாருங்க.