குழுக் கூட்டத்தில் தாத்தா இரட்டைமலை சீனிவாசன் செய்த வேலை

தாத்தா இரட்டைமலை சீனிவாசன் படத்துக்கு ஆண்டுக்கு இரண்டு முறை மாலை போடுகிறோம். பிறந்தநாளான ஜூலை 7, நினைவுநாளான செப்டம்பர் 18. ‘பறையன்’ இதழ் நடத்தியவர், அண்ணல் அம்பேத்கருடன் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனவர் என்று மேடையில் சொல்கிறோம். போய் என்ன செய்தார் என்று ஓர் இளைஞர் எழுந்து கேட்டால் நம்மில் பலருக்குப் பதில் வராது. சட்டசபையிலும் குழுக் கூட்டங்களிலும் அவர் முன்வைத்த கோரிக்கைகள் இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் வன்கொடுமைப் புகார் எழுதும்போது நம் கைக்கு உதவுகின்றன. அவை எப்படி உருவாயின என்பதைத் தெரிந்துகொள்வது மாலை போடுவதைவிட முக்கியம்.

மதுராந்தகம் பக்கமுள்ள கோழியாளம் அவருடைய ஊர். இரட்டைமலை என்பது தந்தையின் பெயர். கோயம்புத்தூரில் படித்த காலத்தில் பள்ளி விட்டதும் மற்ற பிள்ளைகளோடு விளையாடாமல் ஒதுங்கியே இருந்தார். பழகினால் ஊரையும் உறவையும் விசாரிப்பார்கள், சாதி தெரிந்துவிடும் என்ற அச்சம். பிறகு நீலகிரியில் ஐரோப்பிய வணிக நிறுவனங்களில் கணக்கராக வேலை பார்த்தார். அயோத்திதாசப் பண்டிதர் அவருக்கு உடன்பிறந்தவளின் கணவர். 1890இல் சென்னைக்கு வந்தவர், பறையர் மகாஜன சபையைத் தொடங்கினார். 1893 அக்டோபரில் தொடங்கிய ‘பறையன்’ இதழ் ஏழு ஆண்டுகள் நடந்தது.

கணக்கு எழுதிப் பழகியவருக்கு ஆவணத்தின் பலம் தெரிந்திருந்தது. ஐ.சி.எஸ். தேர்வை லண்டனில் மட்டுமன்றி இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டுவந்த காலம் அது. பள்ளிக்கூடப் படிக்கட்டையே மிதிக்க விடாத நாட்டில் அந்தத் தேர்வை எழுதப்போவது யார், ஜெயித்து வந்து அதிகாரம் செய்யப்போவது யார் என்று சீனிவாசன் கேட்டார். 1893 டிசம்பரில் சென்னை வெஸ்லி மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். 3,412 பேர் கையொப்பமிட்ட 112 அடி நீள மனு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குப் போனது. அந்தக் கோரிக்கையை எதிர்த்தது சரியா தவறா என்று இன்றும் வாதம் செய்யலாம். ஆனால், நாடாளுமன்றம் என்று ஒன்று இருக்கிறது, அதன் மேசைமீது நம்முடைய தாளும் இருக்க வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே நினைத்திருக்கிறார்கள்.

1900இல் லண்டன் போகும் எண்ணத்துடன் கப்பலேறியவர் தென்னாப்பிரிக்காவில் தங்க நேர்ந்தது. நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாகப் போன தமிழர்கள் அங்கே ஏராளம். நம் கடற்கரைக்காரர்களுக்கு இது புதிய கதை அல்ல. தூத்துக்குடியில் கப்பலேறிக் கொழும்பு போய், அங்கிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு நடந்தவர்களில் பெரும்பகுதி நம் சனங்கள். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வெளிநாட்டில் இருந்துவிட்டு, அறுபது வயதைத் தாண்டிய பிறகு அவர் ஊர் திரும்பினார்.

தெருவில் நடக்க ஒரு தீர்மானம்

1923இல் சென்னை மாகாண சட்டசபைக்கு அவர் நியமன உறுப்பினரானார். அப்போது வாக்குரிமை சொத்தும் வரியும் உள்ளவர்களுக்கே இருந்தது. தேர்தலில் நின்று ஜெயிக்க நம்மிடம் ஓட்டு இல்லை. ஆளுநர் நியமித்தால்தான் உள்ளே போகலாம். அப்படிப் போனவர்களை அலங்காரத்துக்கு உட்கார்ந்தவர்கள் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். சீனிவாசன் அங்கே செய்ததைப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது.

1924 ஆகஸ்டில் அவர் கொண்டுவந்த தீர்மானம் எளிமையானது. எந்த வகுப்பைச் சேர்ந்தவராக இருந்தாலும் எந்த ஊரிலும் நகரத்திலும் பொதுச் சாலை, தெரு, பாதை வழியாக நடக்க ஆட்சேபம் இல்லை. பொது அலுவலகம், கிணறு, குளம், மக்கள் கூடும் இடம், அரசுக் காரியம் நடக்கும் கட்டடம் ஆகியவற்றைச் சாதி இந்துக்கள் எந்த அளவுக்குப் பயன்படுத்துகிறார்களோ அதே அளவுக்குப் பயன்படுத்தவும் ஆட்சேபம் இல்லை. சபை அதை ஏற்றது, அரசு அதை அரசிதழில் வெளியிட்டது.

அந்தத் தீர்மானம் பறையருக்கு மட்டும் என்று எழுதப்படவில்லை. தேவேந்திரர், அருந்ததியர், புதிரை வண்ணார் என்று எல்லோருக்கும் பொருந்தும்படி எழுதப்பட்டது. தெருவும் கிணறும் தனித்தனியே பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டன. சமத்துவம் வேண்டும் என்று பொதுவாகப் பேசிவிட்டுப் போயிருந்தால் அதிகாரி எவரும் அதைச் செயல்படுத்த வேண்டியதில்லை. தெரு என்றும் கிணறு என்றும் எழுதினால் தாசில்தார் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

அந்தக் காலத்து ஆட்சி கணக்கு எழுதாத ஆட்சி அல்ல. மன்னார் வளைகுடாவில் பார் பாராகச் சோதித்து, சிப்பி முற்றிவிட்டதா என்று பார்த்து, முத்துக்குளிப்புக்கு நாள் குறித்து, எடுத்த சிப்பியில் அரசின் பங்கை ஏலம் விட்டு வரவு வைத்தது. அதே மாகாணத்தில் ஒரு மனிதன் எந்தத் தெருவில் நடக்கலாம் என்பதற்கு மட்டும் எழுத்தில் ஒன்றுமில்லை, எல்லாம் வழக்கம். அந்த வழக்கத்துக்கு எதிராக எழுத்தில் ஒன்றைக் கொண்டுவந்தது இந்தத் தீர்மானம்.

தண்டனை இல்லாத உரிமை

ஆனால் அதில் ஒரு குறை இருந்தது. தடுப்பவனுக்கு என்ன தண்டனை என்று அதில் இல்லை. பம்பாய் சட்டசபையிலும் இதேதான் நடந்தது. 1923இல் எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானம் பொதுக் குளங்களைத் திறந்துவிட்டது. அதை நம்பி 1927 மார்ச்சில் மகாத் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தவர்களை அடித்தார்கள். இரண்டு மாகாணங்களிலும் கிடைத்த பாடம் ஒன்றுதான். உரிமையைச் சொன்னால் போதாது, மீறினால் குற்றம் என்றும் எழுத வேண்டும்.

இந்தப் பாடத்தோடுதான் இருவரும் லண்டனுக்குப் போனார்கள். 1930 நவம்பர் 12 அன்று தொடங்கிய முதல் வட்டமேசை மாநாட்டுக்கு வந்தவர்கள் 89 பேர். மன்னர்கள், ஜமீன்தார்கள், வழக்கறிஞர்கள், பிரிட்டிஷ் கட்சித் தலைவர்கள் நடுவில் ஒடுக்கப்பட்டோர் சார்பில் இருவர். அம்பேத்கருக்கு வயது 39. சீனிவாசன் எழுபதைத் தொட்ட பெரியவர். பொது அமர்வில் எல்லோரும் நன்றாகப் பேசினார்கள். வேலை நடந்தது துணைக் குழுக்களில். பிரதமர் ராம்சே மக்டொனால்டு தலைமையில் கூடிய சிறுபான்மையினர் துணைக் குழுவிலும், வாக்குரிமைத் துணைக் குழுவிலும் இருவரும் உறுப்பினர்கள்.

சிறுபான்மையினர் துணைக் குழுவுக்கு இருவரும் சேர்ந்து கையொப்பமிட்டுக் கொடுத்த கோரிக்கை மனு எட்டு நிபந்தனைகள் கொண்டது. சம குடியுரிமை, அதைத் தடையின்றி அனுபவிக்கும் வழி, பாகுபாட்டுக்கு எதிரான பாதுகாப்பு, சட்டசபையில் இடம், அரசு வேலையில் இடம், நலன் புறக்கணிக்கப்பட்டால் முறையிட வழி, தனி இலாகா, அமைச்சரவையில் இடம். இன்று நாம் கேட்கும் எதுவும் இந்த எட்டுக்கு வெளியே அதிகம் இல்லை.

இரண்டாம் நிபந்தனை, சென்னைத் தீர்மானத்தில் விடுபட்டதை நிரப்பியது. சாலை, கிணறு, குளம், விடுதி, கல்விக்கூடம், வண்டி வாகனம் ஆகியவற்றைப் பயன்படுத்தவிடாமல் தடுத்தால் ஐந்தாண்டு வரை சிறை என்றது. அமெரிக்காவில் அடிமைமுறை ஒழிந்தபின் கறுப்பின மக்களுக்காக 1866இலும் 1875இலும் வந்த சட்டங்களை முன்மாதிரியாகக் காட்டினார்கள். அடுத்ததாக ஊர்விலக்கு. கிணற்றில் தண்ணீர் எடுத்தவனை யாரும் அடிக்கத் தேவையில்லை. வயலில் வேலை தராதே, கடையில் அரிசி தராதே, வீட்டை வாடகைக்கு விடாதே என்று ஊர் முடிவெடுத்தால் போதும், மூன்றாம் நாள் அடுப்பு எரியாது. ஊர்விலக்கையும் குற்றமாக்கி, ஏழாண்டு வரை சிறை என்று எழுதினார்கள். அதற்கு முன்மாதிரி பர்மாவில் 1922இல் வந்த சட்டம்.

அதிலும் ஒரு கவனம் இருக்கிறது. நியாயமான தொழிலாளர் போராட்டத்துக்காகச் செய்வது இந்தக் குற்றத்தில் சேராது என்று விலக்கு வைத்தார்கள். 1908இல் கோரல் மில் வேலைநிறுத்தம் கண்ட ஊர் தூத்துக்குடி. முதலாளிக்கு எதிராகத் தொழிலாளி வேலைக்கு வர மறுப்பதும், கூலிக்காரனுக்கு எதிராக ஊரே சேர்ந்து கடையை மூடுவதும் ஒன்றல்ல என்பது நமக்குப் புரியும். அந்த வேறுபாட்டை 1930இல் சட்ட மொழியில் வைத்தவர்கள் இவர்கள்.

வாக்குரிமையில் அவர்கள் கேட்டது வயதுவந்தோர் எல்லோருக்கும் ஓட்டு. குழு அதை ஏற்கவில்லை. தனித்தொகுதி பற்றிய சண்டை 1931இல் இரண்டாம் மாநாட்டில் காந்தியாருக்கும் அம்பேத்கருக்கும் நேருக்கு நேர் வந்து, 1932 செப்டம்பர் 24 பூனா ஒப்பந்தத்தில் முடிந்ததை நாம் அறிவோம். அந்த ஒப்பந்தத்தில் சீனிவாசனும் கையொப்பமிட்டார். சென்னை மாகாணத்துக்கு 18 ஆக இருந்த இடங்கள் 30 ஆயின. பெற்ற எண்ணிக்கை கூடியது, தனி வாக்காளர் தொகுதி போனது. அந்த இழப்பின் கணக்கை இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

லண்டனில் கேட்டது வந்த பாதை

மனுவில் கேட்டவை உடனே சட்டமாகவில்லை. சென்னை மாகாணத்தில் பொது இடங்களில் தடை செய்வதற்கு எதிரான சட்டம், எம்.சி. ராஜா கொண்டுவந்த மசோதா வழியே 1938இல் வந்தது. சீனிவாசன் 1945 செப்டம்பர் 18 அன்று மறைந்தார். அரசமைப்பின் 17ஆம் பிரிவையோ, 1955இன் தீண்டாமைக் குற்றச் சட்டத்தையோ அவர் பார்க்கவில்லை. 1955 சட்டம் ஊர்விலக்கைத் தொட்டது, ஆனால் தண்டனை ஆறு மாதம் வரை சிறை அல்லது 500 ரூபாய் வரை அபராதம் என்ற அளவில் நின்றது. சமூகப் புறக்கணிப்பும் பொருளாதாரப் புறக்கணிப்பும் இன்னவை என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் விளக்கம் எழுதி, இரண்டையும் வன்கொடுமையாகச் சேர்த்தது 2015ஆம் ஆண்டுத் திருத்தம். அது 2016 ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்தது. லண்டனில் அந்தத் தாள் கொடுக்கப்பட்டு 85 ஆண்டுகள் கழிந்திருந்தன.

இடையில் நம் மாவட்டம் பட்டது கொஞ்சமல்ல. 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்தில் காவல்துறை புகுந்து வீடுகளை நொறுக்கியது. ஊர்க் கிணற்றில் நஞ்சு கலந்தார்கள் என்று மக்கள் முறையிட்டார்கள். கிணறு எல்லோருக்கும் பொது என்று 1924இல் அரசிதழில் போட்ட மாகாணத்தில், 71 ஆண்டுகளுக்குப் பிறகும் நம்மைத் தண்டிக்க நினைத்தவர்கள் கிணற்றைத்தான் தேடிப் போனார்கள்.

இன்று நமக்கு நியமன உறுப்பினர் பதவிக்காகக் காத்திருக்கும் நிலை இல்லை. ஓட்டப்பிடாரம் தனித்தொகுதி. அதைவிட முக்கியமான ஒன்று, வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995இல் இருக்கிறது. 17ஆம் விதிப்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையில் விழிப்பு மற்றும் கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும். நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்கள், காவல் கண்காணிப்பாளர், பட்டியல் சாதி, பழங்குடியைச் சேர்ந்த அதிகாரிகள், அதே சமூகங்களைச் சேர்ந்த அலுவல்சாரா உறுப்பினர்கள் அதில் இடம்பெறுவார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். நிவாரணத் தொகை போய்ச் சேர்ந்ததா, வழக்குகள் எந்த நிலையில் இருக்கின்றன, அதிகாரிகள் தம் கடமையைச் செய்தார்களா என்று பார்ப்பது அதன் வேலை. மாநில அளவில் முதலமைச்சர் தலைமையில் இதே போன்ற குழு ஆண்டுக்கு இரண்டு முறையாவது கூட வேண்டும் என்கிறது 16ஆம் விதி.

89 பேர் இருந்த அரங்கில் இரண்டு பேராக உட்கார்ந்து எட்டு நிபந்தனைகளை எழுதிக் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். நம் ஓட்டில் ஜெயித்தவர் அந்தக் குழுக் கூட்டத்துக்குப் போகிறாரா, போனால் எந்த ஊரின் எந்த வழக்கைப் பற்றிக் கேட்கிறார் என்று நாம் விசாரிப்பதுண்டா? அவர் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்தால் பதிவில் ஏறாது. உப்பளத்தில் வேலை மறுக்கப்பட்ட பெண்ணின் புகார், தேநீர்க் கடையில் தனிக் குவளை, சுடுகாட்டுப் பாதை அடைப்பு என்று ஊர் பெயர், தேதி, புகார் எண் சேர்த்து எழுதிக் கொடுத்தால் கூட்டக் குறிப்பில் ஏறும். ஏறியதற்கு அடுத்த கூட்டத்தில் அதிகாரி பதில் சொல்ல வேண்டும்.

கூட்டம் நடந்த தேதிகள், வந்தவர் பட்டியல், எடுத்த முடிவுகள் ஆகியவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம். வரும் செப்டம்பர் 18 அன்று மாலை வாங்கப் போகிறவர்கள், அந்த விண்ணப்பத்துக்கு ஒரு வெள்ளைத் தாளும் பத்து ரூபாய்க்குக் கோர்ட் பீஸ் வில்லையும் சேர்த்து வாங்கிவர வேண்டும் என்பது நம் வேண்டுகோள்.