ஆளில்லாத திருவீதிகள்

உத்ஸவ காலத்தில் ஜனத்திரளைப் படம் பிடிக்க விழையும் அன்பர்கள், லின்னேயஸ் டிரைப் என்பாரின் சரிதத்தை அறிதல் நலம்.

1822-ல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்த அவர், 1839-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்தார். விடுப்பில் தாயகம் சென்றபோது புகைப்படக் கலை பயின்றார். 1856-ல் சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக நியமனம் பெற்றார். 1858-ல் ஸ்ரீரங்கம், மதுரை, தஞ்சை முதலிய க்ஷேத்திரங்களுக்குப் பெரிய பெட்டிக் கருவியுடன் சென்றார். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒரே நீண்ட சுருளாக இணைத்தார்.

கோபுரமும் மதிளும் மண்டபமும் அவர் படங்களில் துலங்குகின்றன. திருவீதிகளோ பெரும்பாலும் வெறுமையாய்க் கிடக்கின்றன. அக்காலக் காகிதத்தில் உருவம் பதிய நெடுநேரம் ஒளி வேண்டும். நின்றவை பதிந்தன, நடந்தோர் மறைந்தனர். 1902-ல் டிரைப் காலமானார். அன்று அவ்வீதிகளில் நடந்த அடியார்களின் முகங்கள் நமக்குக் கிட்டவில்லை.

இன்று கணப்பொழுதில் படம் பதிகிறது. ஆயினும் தொலைவிலிருந்து தலைகளை மட்டும் எடுத்தால், அதிலும் முகம் இராது. நம் திருப்பூர் ஸ்ரீ வீரராகவப் பெருமாள் திருத்தேரின் வடம் பற்றிய கைகள், குழந்தையைத் தோளிலேற்றிய தகப்பனார், பனியன் கம்பெனியில் இரவு வேலை முடித்து நேரே வந்தவர்: இவர்களுள் ஒருவரை அருகில் நிறுத்தி, பின்னே தேரும் திரளும் தெரிய எடுப்பதே சிறந்த படம்.

முதலில் எம்பெருமானை ஸேவியுங்கள். பின்னர் படம் எடுங்கள்.