பத்தமடை தந்த யோகி சுவாமி சிவானந்தர்

மட்டாஞ்சேரியில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் யோகம் பயில்வோர் பெருகி வருவது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் ஒரு மனக்குறையும் உண்டு. ஆசனமே யோகம் என்பார் ஒருவர்; மூச்சை அடக்குவதே யோகம் என்பார் மற்றொருவர்; நாமஜபமே போதும் என்பார் வேறொருவர். சென்ற ஆண்டு சங்கத்தில் யோக வகுப்புத் தொடங்க எண்ணியபோது, எம்முறை சிறந்தது என்ற வழக்கிலேயே அம்முயற்சி நின்றுபோயிற்று. அன்று குரலை உயர்த்தியோருள் நாமும் ஒருவர். பின்னர் சுவாமி சிவானந்தரின் சரிதத்தைப் படித்து நாணினோம்.

கோரைப் பாய்க்குப் பெயர்போன பத்தமடையில், 1887-ஆம் ஆண்டு செப்டம்பர் 8-ஆம் நாள், வேங்கு ஐயருக்கும் பார்வதி அம்மாளுக்கும் மகனாகத் தோன்றினார் அப்பெரியார். இளமைப் பெயர் குப்புசுவாமி. எட்டயபுரத்தில் பள்ளிக் கல்வி முடித்துத் தஞ்சையில் வைத்தியம் பயின்றார். 1913-இல் கப்பலேறி மலாயா சென்று, ரப்பர்த் தோட்ட ஆஸ்பத்திரியில் டாக்டராக அமர்ந்தார். பிழைப்பு நாடி ஊர் விட்டு வந்த ஏழைத் தொழிலாளருக்கு மருந்தோடு தம் கைப்பொருளையும் ஈந்தார். ஊர் விட்டு வந்த நமக்கு அதன் அருமை தெரியாததன்று.

1923-இல் வேலையைத் துறந்து பாரதம் திரும்பினார். 1924 ஜூன் முதல் நாள் ரிஷிகேசத்தில் சந்நியாசம் ஏற்றார். துறவியான பின்னும் வைத்தியத்தைத் துறந்தாரில்லை; 1927-இல் லட்சுமண்ஜூலாவில் தர்ம வைத்தியசாலை தொடங்கினார். 1936-இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தை நிறுவினார்.

அன்னார் போதித்தது ஸமன்வய யோகம். பயன் கருதாத் தொண்டு கர்மயோகம். இறைவனிடம் உருகுவது பக்தியோகம். மனத்தை ஒருமுகப்படுத்துவது ராஜயோகம். தன்னை ஆராய்ந்து தெளிவது ஞானயோகம். ஆசனமும் பிராணாயாமமும் சேர்ந்த ஹடயோகம் இவற்றிற்கு உடலைத் தகுதியாக்கும். மனிதனுக்குக் கையும் இதயமும் அறிவும் உண்டு. ஆதலின் அவரவர் இயல்புக்கேற்ப ஒரு நெறியைத் தலைமையாகக் கொண்டு, மற்றவற்றையும் துணையாகப் பயில வேண்டும் என்பதே அவர் கொள்கை.

சீடரை அவர் ஒரே அச்சில் வார்க்கவில்லை. நம் காயலுக்கு அக்கரையில், எர்ணாகுளத்தில் பிறந்த பாலகிருஷ்ண மேனன், 1949-இல் அவரிடம் சந்நியாசம் பெற்றுச் சின்மயானந்தராகி, கீதையும் உபநிடதமும் விளக்கினார். கேரளத்தவரான விஷ்ணுதேவானந்தர் 12 ஆசனங்களை அடிப்படையாக வகுத்து மேல்நாடுகளில் பரப்பினார். சத்தியானந்தர் முங்கேரில் யோக நித்திரையைக் கற்பித்தார். கோவை வட்டாரத்துச் சச்சிதானந்தர் இலங்கையிலும், பின்னர் அமெரிக்காவிலும் பணியாற்றினார். வழிகள் பல, குரு ஒருவரே.

மைசூரில் கிருஷ்ணமாச்சாரியாரிடம் கற்றோரும் இவ்வாறே. கட்டை, கயிறு முதலியவற்றின் துணையால் ஆசன நிலையைச் செம்மைப்படுத்தினார் ஐயங்கார். மூச்சோடு இணைந்து தொடரும் ஆசன வரிசையைக் கற்பித்தார் பட்டாபி ஜோயிஸ். ஒருவர் மற்றவருக்குப் பகையல்லர்.

1963 ஜூலை 14-ஆம் நாள் சிவானந்தர் மகாசமாதி அடைந்தார்.

நாள் முழுதும் குனிந்து ரயில்வேக் கணக்கு எழுதும் நமக்கு ஆசனம் தேவை; முதியோருக்கு மூச்சுப் பயிற்சியும் பஜனையும் ஏற்கும்; இளைஞர் தொண்டாற்றலாம். நின்றுபோன வகுப்பு இவ்வாண்டேனும் நடைபெறட்டும். முதல் நாளில் பாய் விரிக்கும் பணியை நாமே ஏற்கின்றோம்.

வாழ்க யோக நெறி! வளர்க நம் சங்கம்!