இங்கிலீஷ் சரளமா வராதா? ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்ட காமராஜர் எப்படிச் சமாளித்தார்?

ஆபீஸ் மீட்டிங். எல்லோரும் இங்கிலீஷில் பேசுகிறார்கள். உங்களுக்கு விஷயம் முழுசா புரிகிறது. சொல்வதற்கு நல்ல யோசனையும் இருக்கிறது. ஆனால், தப்பா பேசிடுவோமோ என்ற தயக்கத்தில் வாயைத் திறப்பதற்குள் மீட்டிங் முடிந்துவிடுகிறது. நம்மில் பலருக்கும் பழக்கமான சங்கடம்தான் இது.

கிட்டத்தட்ட இதே நிலையில் இருந்த ஒருவர், இரண்டு முறை இந்தியாவின் பிரதமர் யார் என்பதை முடிவு செய்யும் இடத்தில் இருந்தார். அவர் காமராஜர். மதிய உணவு, அணைகள், எளிமை என்று அவரைப் பற்றி நிறைய படித்திருப்போம். இங்கிலீஷுக்கும் அவருக்கும் இருந்த உறவு அவ்வளவாகப் பேசப்படாத பக்கம்.

பள்ளி முடிந்தது, படிப்பு முடியவில்லை

1903 ஜூலை 15 அன்று விருதுநகரில் பிறந்தவர் காமராஜர். சின்ன வயதிலேயே அப்பா குமாரசாமி இறந்துவிட, அம்மா சிவகாமி அம்மாள் சிரமப்பட்டு வளர்த்தார். ஆறாம் வகுப்போடு பள்ளிப் படிப்பு நின்றது. மாமாவின் துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். இந்த வயதில் படிப்பை விட்ட பையனுக்கு எவ்வளவு இங்கிலீஷ் தெரிந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

கடையில் இருந்தபடியே பத்திரிகை படிப்பது, பொதுக்கூட்டங்களுக்குப் போவது என்று ஆரம்பித்து, காங்கிரஸின் முழுநேரத் தொண்டர் ஆனார். 1930-ல் உப்பு சத்தியாகிரகத்தை ஒட்டி முதல்முறையாகச் சிறைக்குப் போனார். அப்போது வயது 26.

சிறையில் கிடைத்த வகுப்பறை

விடுதலைப் போராட்டத்தில் காமராஜர் சிறையில் கழித்த நாட்கள் மொத்தம் சுமார் 3,000. அந்தக் காலத்து அரசியல் கைதிகளில் வக்கீல்கள், பட்டதாரிகள், பத்திரிகையாளர்கள் நிறைய பேர். அவர்களோடு இருந்த நாட்களில்தான், கூட இருந்தவர்களின் உதவியோடு அவர் இங்கிலீஷ் கற்றுக்கொண்டார். பத்திரிகைகளையும் புத்தகங்களையும் படித்துப் படித்து அதை வளர்த்துக்கொண்டார்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பரீட்சைக்காகவோ வேலைக்காகவோ அவர் படிக்கவில்லை. நாட்டில் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும், அரசாங்கம் என்ன எழுதுகிறது என்று புரிய வேண்டும். தேவை அவ்வளவுதான். அதனால் படிப்பதும் கேட்பதும் நன்றாக வந்தது, பேசுவது கொஞ்சம் குறைவாகவே இருந்தது.

மொழி கற்பவர்கள் எல்லோருக்குமே இப்படித்தான். பார்த்தால் புரிகிற சொற்களின் எண்ணிக்கை எப்போதும் அதிகம், பேசும்போது நாக்கில் வருகிற சொற்கள் குறைவு. இதை ஒரு குறையாக நினைக்க வேண்டியதில்லை.

அன்றாட இங்கிலீஷுக்கு எத்தனை சொற்கள் வேண்டும் என்ற கேள்வியும் அதே காலகட்டத்தில்தான் உலகில் சூடுபிடித்தது. 1930-ல் சி.கே.ஆக்டன் என்ற ஆங்கிலேயர் 850 சொற்கள் கொண்ட எளிய இங்கிலீஷ் ஒன்றை முன்வைத்தார். டாக்காவில் இங்கிலீஷ் கற்பித்த மைக்கேல் வெஸ்ட், சுமார் 2,000 அடிப்படைச் சொற்கள் கொண்ட பட்டியலை 1953-ல் வெளியிட்டார். சாதாரண எழுத்தில் வரும் சொற்களில் ஏறத்தாழ 80 சதவீதம் அந்த 2,000-க்குள் அடங்கிவிடும் என்பது பொதுவான கணக்கு. அதாவது, அடிப்படை உறுதியாக இருந்தால் அன்றாட வேலை நடந்துவிடும்.

இங்கிலீஷ் புலியின் சீடர்

காமராஜரின் அரசியல் குரு தீரர் சத்தியமூர்த்தி. வக்கீல், இங்கிலீஷில் பிளந்துகட்டும் பேச்சாளர். 1936-ல் சத்தியமூர்த்தி தமிழ்நாடு காங்கிரஸ் தலைவரானபோது காமராஜர் செயலாளர். 1940-ல் இது தலைகீழானது. காமராஜர் தலைவர், குரு அவருக்குக் கீழே செயலாளர்! மேடை இங்கிலீஷ் குருவிடம் இருந்தது. ஊர் ஊராகத் தொண்டர்களைப் பெயர் சொல்லித் தெரிந்து வைத்திருந்தது சீடரின் பலம். கட்சிக்கு இரண்டுமே தேவைப்பட்டது.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து வாசகர்களுக்கு ஒரு கூடுதல் தகவல். 1952-ல் நடந்த முதல் பொதுத் தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூர் மக்களவைத் தொகுதியில் ஜெயித்து டெல்லிக்குப் போனவர் காமராஜர்தான். அரசியல் சட்டப்படி நாடாளுமன்ற அலுவல்கள் நடந்தது இந்தியிலும் இங்கிலீஷிலும். அந்த இரண்டிலுமே சரளம் இல்லாத ஒருவரை இந்த மக்கள் நம்பி அனுப்பியிருந்தார்கள்.

1954 ஏப்ரலில் அவர் முதலமைச்சரானார். தலைமைப் போட்டியில் தன்னை எதிர்த்து நின்ற சி.சுப்பிரமணியத்தையே அமைச்சரவையில் சேர்த்து நிதியையும் கல்வியையும் கொடுத்தார். தன்னைவிட இங்கிலீஷும் சட்டமும் தெரிந்தவர்கள் பக்கத்தில் இருப்பதை அவர் அவமானமாக நினைக்கவில்லை. 1956-ல் தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் வந்தது அவர் ஆட்சியில்தான். பள்ளிகளில் மதிய உணவும் இலவசக் கல்வியும் விரிந்தன. தனக்கு ஆறாம் வகுப்போடு மூடிய கதவு, அடுத்த தலைமுறைக்குத் திறந்தது.

டெல்லியில் என்ன ஆனது?

1963 அக்டோபரில் முதல்வர் பதவியை விட்டு விலகினார். அடுத்த ஆண்டு அகில இந்திய காங்கிரஸ் தலைவர். அதுல்யா கோஷ் வங்காளி, நிஜலிங்கப்பா கன்னடர், சஞ்சீவ ரெட்டி தெலுங்கர். இவர்களோடு பேச இங்கிலீஷை விட்டால் வேறு பொதுமொழி இல்லை.

1964 மே 27 அன்று நேரு இறந்தார். அடுத்த பிரதமர் யார் என்று தலைவர்களிடமும் எம்.பி.க்களிடமும் கருத்துக் கேட்டு, லால் பகதூர் சாஸ்திரியை ஒருமனதாகக் கொண்டுவந்தார் காமராஜர். அந்த வேலைக்கு நீளமான சொற்பொழிவு தேவைப்படவில்லை. நிறைய கேட்க வேண்டும், கொஞ்சமாக, தெளிவாகச் சொல்ல வேண்டும். அவருக்குக் கைவந்த கலை அதுதான்.

1966 ஜனவரியில் சாஸ்திரியும் இறந்தார். அப்போது காமராஜரையே பிரதமராகச் சொன்னார்கள். இந்தியும் இல்லை, இங்கிலீஷும் இல்லை, நான் எப்படி என்ற பொருளில் ஒரு சின்ன வாக்கியத்தில் மறுத்துவிட்டார் என்று பரவலாகச் சொல்வார்கள். அதையும் அவர் சொன்னது இங்கிலீஷில்தானாம்! கேட்டவர்களுக்கு அது தெளிவாகவே புரிந்தது. இந்திரா காந்தி பிரதமரானார்.

இதை அடக்கம் என்று மட்டும் பார்க்க முடியாது. மொழி என்பது இந்த நாட்டில் எவ்வளவு பெரிய சுவர் என்பதும் இதில் தெரிகிறது. பிரதமரையே தேர்வு செய்யும் அளவுக்கு வளர்ந்த மனிதருக்கும் அந்தச் சுவர் முன்னால் நின்றது.

சுவரை அவர் மறக்கவில்லை

அதற்கு முந்தைய ஆண்டுதான், 1965 ஜனவரி 26 முதல் இந்தி ஒரே ஆட்சிமொழி ஆகிவிடுமோ என்ற பயத்தில் தமிழ்நாடு கொதித்தது. அப்போது காமராஜரும் இந்தி பேசாத மாநிலங்களின் தலைவர்கள் சிலரும் பெங்களூரில் கூடி, இந்தியைத் திணிக்கக் கூடாது என்று வலியுறுத்தினார்கள். இந்தி பேசாத மாநிலங்கள் விரும்பும்வரை இங்கிலீஷ் தொடரும் என்ற உறுதி 1967-ல் சட்டத்திருத்தமாக வந்தது. ஆனால் போராட்டத்தின் கோபம் 1967 தேர்தலில் காங்கிரஸ் மேல் விழுந்தது. சொந்த ஊரான விருதுநகரிலேயே காமராஜர் தோற்றார். 1969 இடைத்தேர்தலில் நாகர்கோவிலில் ஜெயித்து மறுபடி நாடாளுமன்றம் போனார். 1975 அக்டோபர் 2 அன்று மறைந்தார்.

நாம் என்ன எடுத்துக்கொள்ளலாம்?

இங்கிலீஷ் தேவையில்லை என்று காமராஜர் வாழ்க்கை சொல்லவில்லை. தேவை என்று தெரிந்ததால்தான் 26 வயதுக்கு மேல் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். ஆனால் சரளம் வரட்டும், அப்புறம் வேலையை ஆரம்பிக்கலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. தினமும் கொஞ்சம் செய்தி படியுங்கள். உங்கள் வேலையில் திரும்பத் திரும்ப வரும் நூறு, இருநூறு சொற்களையும், நேரம் கேட்பது, மறுப்பது, மறுபடி விளக்கச் சொல்வது போன்ற வாக்கியங்களையும் நாக்குக்குப் பழக்குங்கள். அடுத்த மீட்டிங்கில் அந்த யோசனையை நாலே சொல்லில் சொன்னாலும் போதும், சொல்லிவிடுங்கள்.