சொந்தப் படக் கம்பெனி ஆரம்பித்த புதுமைப்பித்தன்: நெல்லை எழுத்தாளரின் சினிமா கனவு என்ன ஆனது?

எஸ்டோனியாவும் ஜார்ஜியாவும் சேர்ந்து தயாரித்த ‘டேஞ்சரின்ஸ்’ (2013) படத்தை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். ஆஸ்கர் பரிந்துரை வரை போன படம். எஸ்டோனியாவின் மக்கள்தொகை சுமார் 13 லட்சம்தான். டிக்கெட் வசூலை மட்டும் நம்பினால் அங்கே இப்படி ஒரு படம் வராது. சோவியத் யூனியன் உடைந்த பிறகு, இந்தச் சின்ன நாடுகள் சினிமாவுக்கென்றே அரசு நிதி அமைப்புகளை வைத்துக்கொண்டன. பற்றாத பணத்துக்குக் கூட்டுத் தயாரிப்பு.

அப்படி எந்த அமைப்பும் இல்லாத காலத்தில் படம் எடுக்கக் கிளம்பியவர் புதுமைப்பித்தன்.

நிஜப் பெயர் சொ.விருத்தாசலம். 1906-ல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். அப்பா வருவாய்த்துறை அதிகாரி. அவர் ஓய்வு பெற்றதும் குடும்பம் திருநெல்வேலிக்கே திரும்பியது. இந்துக் கல்லூரியில் பி.ஏ. முடித்தார். கமலாவுடன் கல்யாணம். பிறகு சென்னை, ‘மணிக்கொடி’, ‘தினமணி’, ‘தினசரி’. ரஷ்யா உட்படப் பல நாட்டுச் சிறுகதைகளைத் தமிழுக்குக் கொண்டுவந்தார்.

தாமிரபரணிக் கரைப் பேச்சை அச்சில் ஏற்றியதில் இவருக்குப் பெரிய பங்கு உண்டு. ‘பொன்னகரம்’ சில பக்கக் கதைதான். ஜட்கா ஓட்டும் புருஷன் அடிபட்டுக் கிடக்கிறான். பால்கஞ்சிக்குக் காசு தேடி மனைவி இருட்டுச் சந்துக்குள் போகிறாள். படித்தால் ஷாட் பிரித்து எழுதின மாதிரி இருக்கும். இவர் சினிமா பக்கம் போனதில் ஆச்சரியமே இல்லை!

ஆனால் போனதற்குக் காரணம் கலை மட்டும் அல்ல, பணமும்தான். பத்திரிகைச் சம்பளத்தில் குடும்பம் நடத்துவது பெரும்பாடு. ‘அவ்வையார்’, ‘காமவல்லி’ படங்களுக்கு எழுதினார். அதோடு நிற்காமல் ‘பர்வதகுமாரி புரொடக்‌ஷன்ஸ்’ என்று சொந்தக் கம்பெனியே ஆரம்பித்துவிட்டார். எடுக்க நினைத்த படம் ‘வசந்தவல்லி’. பெயரே சொல்லும், குற்றாலக் குறவஞ்சியின் நாயகி. அந்தப் படம் கடைசிவரை வரவில்லை.

அடுத்து, சிறையிலிருந்து வெளியே வந்த எம்.கே.தியாகராஜ பாகவதரின் ‘ராஜமுக்தி’. வசனம் எழுத புனே போனார். அங்கேதான் காசநோய் முற்றியது. மனைவியைப் பிரிந்திருந்த காலங்களில் எழுதிய கடிதங்கள் பின்னால் ‘கண்மணி கமலாவுக்கு’ என்று புத்தகமாக வந்தன. நோயோடு திருவனந்தபுரம் திரும்பியவர், 1948-ல் 42 வயதில் இறந்தார். அதற்குப் பிறகுதான் ‘ராஜமுக்தி’ ரிலீஸ் ஆனது. ஓடவில்லை.

நல்ல படங்களுக்குக் கடன் கொடுக்க மத்திய அரசு ஃபிலிம் ஃபைனான்ஸ் கார்ப்பரேஷனைத் தொடங்கியது 1960-ல். 12 வருஷம் லேட்.

1979-ல் இவருடைய ‘சிற்றன்னை’யை வைத்து மகேந்திரன் ‘உதிரிப்பூக்கள்’ எடுத்தார். கதையை நிறையவே மாற்றினார். மாற்றியது நல்லதுதான் என்பது நம் கட்சி. தமிழின் சிறந்த படங்களைப் பட்டியல் போடும் யாரும் இன்றும் அதைத் தவிர்க்க முடிவதில்லை.

2002-ல் தமிழக அரசு புதுமைப்பித்தன் எழுத்துகளை நாட்டுடைமை ஆக்கியது. ‘பொன்னகரம்’ கதையைக் குறும்படமாக எடுக்க நினைத்தால், உரிமைக்கு நீங்கள் ஒரு பைசா தர வேண்டாம்.